கொரிந்துவில் ஒரு பகல்: நியாயாசனமும் டெல்பிக் கல்லும்



ஒரு மாணவனுக்கு நான் சொன்ன விடையைத் திருத்த வேண்டிய கடன் எனக்கு இருக்கிறது. அதற்காகவே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

மலேசியத் தொடக்கப்பள்ளிகளில் நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு 2014-இல் வரலாறு தனிப்பாடமாக அறிமுகமானது. வரலாற்று மூலங்கள் யாவை என்பதுதான் நான் நடத்திய முதற்பாடம். எழுத்து மூலம், வாய்மொழி மூலம், தொல்பொருள் மூலம் என்று கரும்பலகையில் எழுதி விளக்கிக்கொண்டிருந்தபோது, பின் வரிசையில் அமர்ந்திருந்த பையன் ஒருவன் கையை உயர்த்தினான். “ஐயா, எங்க தாத்தா பைபிள்ல பவுல்னு ஒருத்தரப் பத்தி வாசிப்பாரு. அவரு வரலாறா, கதையா?” என்று கேட்டான். பாடவேளை முடிய ஐந்து நிமிடமே எஞ்சியிருந்தது. “அது சமயம் தம்பி. அதுக்கெல்லாம் ஆண்டு கிடையாது. ஆண்டு இல்லாதது வரலாறு ஆகாது” என்று சொல்லி முடித்துவிட்டேன். பையன் மறுபேச்சுப் பேசவில்லை. குறிப்பேட்டை மூடி வைத்துக்கொண்டான். அந்த ஆண்டு முழுவதும் என் வகுப்பில் அவன் வேறு கேள்வி கேட்டதாக நினைவில்லை.

இதே விடையை அதற்கும் பல ஆண்டுகளுக்கு முன்பே வேறொருவரிடம் சொல்லியிருக்கிறேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த நண்பர் கிறித்துவர். விடுதியில் விளக்கணைத்த பிறகும் எங்கள் வாதம் ஓயாது. நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். ஆயினும் அந்த வயதில் எல்லாச் சமயங்களையும் ஒரே கோலால் அளந்து ஒதுக்கிவிடும் துணிச்சல் எனக்கு இருந்தது. அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். “ஒரு நாள் உன்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுறேன்” என்பார். அந்த ஒரு நாள் 2019 டிசம்பர்ப் பள்ளி விடுமுறையில் வந்தது. அவர் சென்ற பயணக் குழுவில் ஓர் இடம் காலியாக, நானும் சேர்ந்துகொண்டேன். பல நாள் பயணத்தில் ஒரு நாளைப் பற்றி மட்டும் இங்கு எழுதுகின்றேன்: ஏதென்சிலிருந்து கொரிந்துவுக்குச் சென்று திரும்பிய நாள்.

ஏதென்சிலிருந்து கொரிந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர். காலையில் பேருந்து புறப்பட்டது. குளிர்தான் என்றாலும் வானம் தெளிவாக இருந்தது. இடப்பக்கம் கடலும் சலாமிஸ் தீவும் தெரிந்தன. பாரசீகப் பெரும்படையின் கப்பல்களைக் கிரேக்கர் கி.மு. 480-இல் முறியடித்த நீரிணை அது. எங்கள் குழுவில் பாதிப்பேர் உறங்கிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் நிறுத்திய இடம் கொரிந்துக் கால்வாய். கிரேக்க நாட்டின் வடபகுதியையும் தென்பகுதியான பெலோப்பொனேசையும் இணைப்பது ஓர் ஒடுங்கிய நிலப்பாலம். அதன் இரு பக்கமும் கடல். ஆறு கிலோமீட்டர் சற்றே மிகுந்த இந்த நிலத்தைக் கடக்க முடியாமல் பழங்காலக் கப்பல்கள் தென்முனை முழுவதையும் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. ஆகவே கி.மு. 600-ஐ ஒட்டி, கல் பாவிய தடம் ஒன்றை அமைத்துக் கப்பல்களையும் சரக்குகளையும் தரைவழியே இழுத்துச் சென்றார்கள். ‘டியோல்கோஸ்’ என்று அதற்குப் பெயர். பாறையை வெட்டிக் கால்வாயாக்க ரோமப் பேரரசன் நீரோ கி.பி. 67-இல் பணியைத் தொடங்கினான்; மறு ஆண்டே அவன் இறந்தான், பணியும் நின்றது. அப்பணிக்கென யூதக் கைதிகள் 6,000 பேர் அனுப்பப்பட்டனர் என்று யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதியிருக்கிறார். இப்போதுள்ள கால்வாய் 1893-இல் திறக்கப்பட்டது. பாலத்தின் மேல் நின்று குனிந்து பார்த்தால், செங்குத்தான இரு சுவர்களுக்கிடையே பச்சை நாடா போல நீர் தெரிகிறது. எல்லாரும் படம் எடுத்தோம். நான் அந்த 6,000 பேரை எண்ணிக்கொண்டேன். தோட்டப்புறத்தில் வளர்ந்தவனுக்கு இத்தகைய எண்ணிக்கைகள் வெறும் எண்ணாகத் தோன்றுவதில்லை.

பழைய கொரிந்துவில் முதலில் கண்ணில் படுபவை அப்பொல்லோ கோயிலின் தூண்கள். கி.மு. ஆறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுப்பப்பட்ட அக்கோயிலின் 38 தூண்களில் 7 மட்டுமே இன்று நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஒரே கல்லால் ஆனது. துண்டு துண்டாக அடுக்கிய தூண்களையே ஏதென்சில் பார்த்துவிட்டு வந்த எங்களுக்கு அவற்றின் கனம் புதிதாக இருந்தது. பின்னணியில் அக்ரோகொரிந்து மலை, 575 மீட்டர். அதன் உச்சியில் கோட்டைச் சுவர்கள்.

வழிகாட்டி அம்மையார் உரிமம் பெற்றவர். தொல்லியல் நன்கு அறிந்தவர். முதலில் ஒரு செய்தியை மனத்தில் பதிய வைத்தார். நாம் நிற்பது கிரேக்கர் கொரிந்து அன்று, ரோமர் கொரிந்து. கி.மு. 146-இல் ரோமத் தளபதி மும்மியுஸ் இந்நகரை அழித்தான். கார்த்தேஜ் நகரம் அழிந்ததும் அதே ஆண்டில்தான். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் பெரும்பாலும் பாழாகவே கிடந்த இடத்தில், கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசர் புதிய குடியேற்ற நகரை நிறுவினார். குடியேறியவர்களில் பலர் விடுதலை பெற்ற அடிமைகள். ஆகவே பவுல் வந்தபோது இந்நகரம் நூறு வயதுகூட நிரம்பாத புது நகரம். அரசுக் கல்வெட்டுகள் கிரேக்கத்தில் அன்றி இலத்தீனில் பொறிக்கப்பட்ட நகரம். அப்பொல்லோ கோயில் மட்டுமே அப்போதும் அறுநூறு வயதுப் பழமையோடு நின்றது.

மலையுச்சியில் இருந்த அப்ரோடைட் கோயிலில் ஆயிரம் கணிகையர் இருந்தனர் என்ற பழைய செய்தியையும் அம்மையார் சொன்னார். உறங்கி வந்தவர்கள்கூட அப்போது காதைத் தீட்டிக்கொண்டதைக் கவனித்தேன்! ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. அதை எழுதியவர் ஸ்ட்ராபோ; அவரும் தம் காலத்துக்கு முற்பட்ட பழைய கொரிந்துவைப் பற்றியே எழுதினார்; அந்த எண்ணிக்கையை இன்றைய ஆய்வாளர் பலர் நம்புவதில்லை என்றும் சேர்த்துச் சொன்னார். அந்த இடத்திலிருந்து அவர்மேல் எனக்கு மதிப்புக் கூடியது.

பிறகு நியாயாசனத்துக்கு வந்தோம்.

சந்தைவெளியின் நடுவே கல்லால் கட்டிய உயரமான மேடை அது. கிரேக்கத்தில் ‘பீமா’ என்பார்கள். தமிழ் விவிலியம் ‘நியாயாசனம்’ என்று அழகாக மொழிபெயர்த்திருக்கிறது. அமெரிக்கத் தொல்லியல் கல்விக்கூடத்தினர் கொரிந்துவில் 1896 முதல் அகழாய்வு செய்து வருகின்றனர். இம்மேடையை அடையாளம் கண்டவர்களும் அவர்களே. ஒரு காலத்தில் வெள்ளையும் நீலமுமான சலவைக் கற்கள் இதைப் போர்த்தியிருந்தனவாம். பிற்காலத்தில் இதன்மேலேயே ஒரு தேவாலயம் எழுந்து, அதுவும் இடிந்திருக்கிறது.

கதை ‘அப்போஸ்தலர் நடபடிகள்’ நூலின் 18-ஆம் அதிகாரத்தில் வருகிறது. பவுல் கொரிந்துவுக்கு வந்து, ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் என்ற தம்பதியரோடு தங்குகிறார். பேரரசன் கிலவுதியு யூதர்களை ரோமிலிருந்து வெளியேற்றியதால் வந்தவர்கள் அவர்கள். மூவரும் கூடாரம் செய்யும் தொழிலாளர்கள். ஒன்றரை ஆண்டு அங்குத் தங்கிப் போதித்த பவுலைச் சிலர் பிடித்து ஆளுநர் கல்லியோன் முன் நிறுத்துகின்றனர். ஆளுநர் வழக்கை ஏற்கவே மறுக்கிறார். குற்றமோ கொடுமையோ என்றால் விசாரிக்கலாம், உங்கள் மார்க்கச் சண்டையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்ற பொருள்படக் கூறி அவர்களை விரட்டிவிடுகிறார். பிறகு அதே இடத்தில் சொஸ்தேனே என்ற செபஆலயத் தலைவரைக் கூட்டத்தினர் அடிக்கிறார்கள். ஆளுநர் கண்டுகொள்ளவில்லை.

நண்பர் மேடைக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். நெடுநேரம் நின்றார். நான் தள்ளி நின்றேன். என் வாய் சும்மா இருக்கவில்லை, “இது எந்த ஆண்டில் நடந்ததாகச் சொல்கிறீர்கள்?” என்று வழிகாட்டியிடம் கேட்டேன். ‘தெரியாது’ என்றோ, ‘ஏறத்தாழ முதல் நூற்றாண்டு’ என்றோ அவர் சொல்வார் என்பது என் எதிர்பார்ப்பு. “கி.பி. 51. ஓர் ஆண்டு முன்பின் இருக்கலாம்” என்றார் அவர். எப்படித் தெரியும் என்றேன். “அந்தக் கல் இங்கே இல்லை, டெல்பியில் இருக்கிறது” என்று தொடங்கிக் கால்மணி நேரம் விளக்கினார். ஊர் திரும்பிய பின் நூல்களைப் புரட்டிச் சரிபார்த்துக்கொண்டேன். அவர் சொன்னதில் பிழையில்லை.

டெல்பி, கொரிந்து வளைகுடாவின் மறுகரையில், மலைச்சரிவில் உள்ள அப்பொல்லோ தலம். அங்குக் கிடைத்த கல்வெட்டு ஒன்று துண்டு துண்டாக உடைந்திருக்கிறது. நான்கு துண்டுகளை எமில் பூர்கே என்ற பிரெஞ்சு அறிஞர் 1905-இல் வெளியிட்டார். பின்னர் மேலும் ஐந்து துண்டுகள் சேர்க்கப்பட்டன. ஆக மொத்தம் ஒன்பது. அது பேரரசன் கிலவுதியு அனுப்பிய மடல். டெல்பியில் குடிமக்கள் குறைந்துவிட்டனர், வெளியூரிலிருந்து ஆள்களை அழைத்துக் குடியேற்றுங்கள் என்பதே அதன் கருத்து. இச்செய்தியைத் தமக்குத் தெரிவித்தவராகத் தம் நண்பரும் ஆளுநருமான கல்லியோனை மன்னர் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். மடலின் தலைப்பில் மன்னரின் பட்டங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றுதான் கணக்குக்கு உதவுகிறது: போர் வெற்றிக்காகப் படையினர் அவரை வாழ்த்தி முழங்கியது 26-ஆம் முறை.

வெற்றி முழக்கத்துக்கு ஏது ஆண்டு என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். இங்கே இன்னொரு கல் துணைக்கு வருகிறது. ரோம் நகரில் கிலவுதியு கட்டிய நீர்க்கால்வாயின் வளைவு ஒன்று ‘போர்த்தா மஜ்ஜோரே’ என்ற பெயரில் இன்றும் நிற்கிறது. அதன்மேல் 27-ஆம் முழக்கம் என்று பொறித்திருக்கிறது. அந்தக் கால்வாய் திறக்கப்பட்ட நாளை ஃபிரன்டைனஸ் என்ற நீர்த்துறை அதிகாரி எழுதி வைத்திருக்கிறார்: கி.பி. 52, ஆகஸ்டு முதல் நாள். 27 வந்துவிட்டால் 26 அதற்கு முந்தியது. அதற்கும் முந்திய முழக்கங்களின் காலமும் பிற கல்வெட்டுகளால் தெரிவதால், டெல்பி மடல் 52-ஆம் ஆண்டின் முற்பகுதியில் எழுதப்பட்டது என்று பெரும்பாலோர் கொள்கின்றனர். ஆளுநர் பதவி பொதுவாக ஓராண்டுக்கே. கோடையில் தொடங்கி மறு கோடையில் முடிவது. எனவே கல்லியோன் 51 கோடை முதல் 52 கோடை வரை பதவியில் இருந்தார் எனலாம். ஓராண்டு தள்ளி வைப்போரும் உளர். ஆனால் பத்தாண்டு தள்ளி வைக்க இடமே இல்லை.

கல்லியோன் யார் என்பதும் தெரிந்ததே. நீரோவின் ஆசிரியரும் தத்துவ அறிஞருமான செனக்காவின் அண்ணன் அவர். அகாயாவில் இருந்தபோது காய்ச்சல் கண்டதும், நோய் தம் உடலினுடையதன்று, அந்த ஊரினுடையது என்று கூறிக்கொண்டு கப்பலேறிவிட்டதைச் செனக்காவே ஒரு கடிதத்தில் குறிப்பிடுகிறார். வழக்கைக் கேளாமலே விரட்டிய அந்த மனிதரும் காய்ச்சலுக்கு ஊரைப் பழித்த இந்த மனிதரும் ஒருவரே என்று படிக்கும்போது, சலிப்பு மிகுந்த ஓர் அதிகாரியின் முகம் நமக்குத் தெரியத்தானே செய்கிறது!

இன்னொரு நுட்பமும் உண்டு. அகாயா மாநிலம் சில காலம் மன்னரின் நேர் ஆட்சியில் இருந்து, கி.பி. 44-இல்தான் ரோம ஆட்சிமன்றத்தின் பொறுப்புக்குத் திரும்பியது. ஆட்சிமன்ற மாநிலத்து ஆளுநருக்கு உரிய பதவிப்பெயர் வேறு. ‘நடபடிகள்’ நூலின் கிரேக்க மூலம் கல்லியோனுக்கு அந்தச் சரியான பதவிப்பெயரையே கொடுக்கிறது. பின்னாளில் கற்பனையாக எழுதியவர் தவறவிடக்கூடிய இடம் அது.

பவுலின் கடிதங்களில் ஆண்டு எண் ஏதும் இல்லை. மூன்று ஆண்டு கழித்து, பதினான்கு ஆண்டு கழித்து என்று இடைவெளிகளே உள்ளன. ஆணி அடிக்காத நாள்காட்டி போல அவை தொங்க இடமின்றி இருந்தன. டெல்பிக் கல் அந்த ஆணியை அடித்துக் கொடுத்தது. கொரிந்து 51 என்று நின்றுவிட்டால், அங்கிருந்து எழுதப்பட்டதாகக் கருதப்படும் தெசலோனிக்கேயர் முதல் கடிதம் 50-ஐ ஒட்டியது ஆகிறது. கிறித்துவ எழுத்துகளில் இன்று கிடைப்பவற்றுள் மிகப் பழையது அதுவே என்பது பெரும்பாலான அறிஞர் கருத்து.

நண்பர் என் பக்கம் திரும்பி, “இப்ப என்ன சொல்ற?” என்று கேட்டார். இருபது ஆண்டு காத்திருந்து கேட்ட கேள்வி அது. எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆயினும் ஆசிரியனின் பழக்கம் விடவில்லை. “அந்தக் கல்லில் பவுல் பெயர் இருக்கிறதா?” என்று கேட்டேன். இல்லை என்றார் வழிகாட்டி. டெல்பிக் கல்லுக்குப் பவுலைத் தெரியாது. குடிமக்கள் குறைந்ததைத் தவிர அதற்கு வேறு கவலை கிடையாது. நூலாசிரியர் சரியான மனிதரைச் சரியான ஊரில் சரியான பதவியில் வைத்திருக்கிறார் என்பதற்கே அது சான்று. அந்த மேடையில் அன்று என்ன பேசப்பட்டது என்பதற்கு ‘நடபடிகள்’ ஒன்றே ஆதாரம். நண்பர் சற்று யோசித்துவிட்டு, “எனக்கு அவ்வளவு போதும்” என்றார். எனக்கு அது போதுமா என்று அவர் கேட்கவில்லை.

அதன்பின் பார்த்த கற்களை நான் வேறு கண்ணோடு பார்த்தேன். நாடக அரங்கின் அருகே 1929-இல் கிடைத்த தளக்கல்லில், ஏரஸ்து என்பவர் தாம் பெற்ற நகரப் பதவிக்கு ஈடாகத் தம் செலவில் தளம் பாவியதாக இலத்தீனில் பொறித்திருக்கிறது. ரோமருக்கு எழுதிய கடிதத்தில் பவுல் குறிப்பிடும் பட்டணத்து உக்கிராணக்காரன் ஏரஸ்து இவரே என்று குழுவில் ஒருவர் உற்சாகமாகச் சொன்னார். இருக்கலாம். ஆனால் கிரேக்கத்தில் சொல்லப்படும் அந்தப் பதவியும் இலத்தீனில் உள்ள இந்தப் பதவியும் ஒன்றுதானா என்பது தீராத வழக்கு. கல்வெட்டு அடுத்த நூற்றாண்டைச் சேர்ந்தது என்பாரும் உளர். எபிரெயரின் செபஆலயம் என்று படிக்கத்தக்க உடைந்த நிலைக்கல் ஒன்றும் உண்டு. பவுல் பேசிய செபஆலயத்து வாசல் என்று சொல்ல ஆசையாக இருக்கும். எழுத்தமைதியோ அது சில நூற்றாண்டு பிந்தியது என்கிறது. மூன்று கற்கள், மூன்று விதமான விடைகள். ஆண்டைத் தரும் கல்லில் பெயர் இல்லை; பெயரைத் தரும் கல்லில் ஆண்டு இல்லை.

அருங்காட்சியகத்தில் மருத்துவத் தெய்வம் அஸ்கிலேப்பியசுக்கு நேர்ந்துகொண்டு செலுத்திய சுடுமண் கைகளும் கால்களும் இருந்தன. நம் மாரியம்மன் கோயில்களில் வெள்ளித் தகட்டில் கண்ணும் காலும் செலுத்துவோமே, அதே வேண்டுதல். இந்த அருங்காட்சியகத்திலிருந்து 1990-இல் ஏராளமான பழம்பொருள்கள் களவு போயின. அவற்றில் பெரும்பாலானவை 1999-இல் அமெரிக்காவின் மியாமி நகரில் மீட்கப்பட்டன. கல் உடையாமல் தப்பினாலும் கள்வரிடமிருந்தும் தப்ப வேண்டியிருக்கிறது.

நான் ஆண்டுதோறும் கற்பித்த திரெங்கானு கல்வெட்டு அப்போது நினைவுக்கு வந்தது. 1303 என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். ஆண்டு எழுதிய இடத்தில் கல் உடைந்திருப்பதால் சில பத்தாண்டுகள் பிந்தியும் இருக்கலாம் என்று அறிஞர் கூறுவதை நான் வகுப்பில் ஒருமுறையேனும் சொன்னதில்லை. தேர்வில் வராது என்பதுதான் காரணம். இப்போது சொல்கிறேன்.

மாலையில் கெங்கிரேயா துறைமுகத்துக்கு அழைத்துச் சென்றார்கள். கொரிந்துவின் கிழக்குத் துறை அது. பவுல் ஒரு நேர்த்திக்கடனுக்காகத் தலைமுடி மழித்துக்கொண்டு, ஆக்கில்லா தம்பதியரோடு எபேசுவுக்குக் கப்பலேறிய இடம். நிலம் தாழ்ந்துவிட்டதால் துறைமுகக் கட்டடங்களில் ஒரு பகுதி இப்போது நீருக்கடியில் கிடக்கிறது. பழைய தேவாலயம் ஒன்றின் அடித்தளத்துக்குள்ளும் அலை வந்து போகிறது. எங்களைத் தவிர வேறு யாரும் இல்லை. நண்பர் காலணியைக் கழற்றிவிட்டு அந்தக் குளிர்நீரில் இறங்கி நின்றார்.

நான் கரையில் ஒரு கல்லின்மேல் அமர்ந்து குறிப்பேட்டில் எழுதினேன்: “தம்பி, ஆண்டு இருக்கிறது. 51, ஓராண்டு முன்பின். எப்படித் தெரியும் என்று கேள், சொல்கிறேன். எது தெரியாது என்றும் கேள்.” அந்தப் பையன் இப்போது எங்கே படிக்கிறான், வேலையில் இருக்கிறானா என்று அறியேன். அவன் குடும்பம் அப்போதே ஊர் மாறிப் போய்விட்டது. பேருந்து ஒலியெழுப்பி அழைத்தது. நண்பர் ஈரக் காலோடு மணலில் நடந்து வந்தார்.